கழுத்தால் மூச்சு விடும் குதிரை

கால்நடை மருத்துவர் பதில்கள்

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தங்கள் குதிரைக்குக் கழுத்தில் நிரந்தரமாகத் துளை வைத்திருப்பதாகப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து ஒரு வாசகி சென்ற மாதம் எழுதியிருந்தார். இடம் போதாமல் சில வரிகளில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அந்த வாசகியும் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இந்த மாதம் பகுதி முழுவதும் இந்த ஒரே விஷயத்துக்குத்தான். ஆடு, நாய் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகி): டாக்டர் அம்மா, எங்கள் ராசாத்திக்குப் பதினோரு வயது. குரல்வளையின் இரண்டு பக்கக் குருத்தெலும்பும் தடித்துப்போய், நாலு எட்டு நடந்தாலே இரைச்சல். வெயில் நேரத்தில் நின்ற இடத்திலேயே மூக்கு விரியத் தவித்தாள். மருந்தில் தீராததால் மூச்சுக்குழலை நிரந்தரமாகத் திறந்துவிட்டார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். துளையைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், ‘புண் ஆறவே மாட்டேன் என்கிறதே’ என்று மஞ்சள் வைக்கப் பார்க்கிறார். எப்படிச் சுத்தம் செய்வது? எத்தனை நாளைக்கு?

பதில்: முதலில் அந்தப் பெரியவரை உட்காரவைத்து இந்தப் பதிலை உரக்கப் படித்துக் காட்டுங்கள். ராசாத்தியின் கழுத்தில் இருப்பது புண் அல்ல, அவளுடைய மூக்கு. அது ஆறி மூடிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மூச்சுக்குழலின் முன்பக்கத்தில் நான்கைந்து குருத்தெலும்பு வளையங்களில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, குழலின் உட்சவ்வைக் கழுத்துத் தோலோடு சுற்றிலும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதனால்தான் ஓரம் எப்போதும் இளஞ்சிவப்பாக, ஈரமாக, நம் உதட்டின் உட்புறம் போலத் தெரிகிறது. அது ஆரோக்கியமான நிறம். மஞ்சளோ வேறு பொடியோ அங்கே வைத்தால் அடுத்த மூச்சிலேயே உள்ளே போய்விடும்.

பெரியவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடும் நாயும் முடியாதபோது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். குதிரையால் அது முடியாது. அதன் மெல்லண்ணம் நீளமானது. குரல்வளை மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் வாய் வழியாகக் காற்று மூச்சுக்குழலுக்குப் போவதில்லை. மேல்வழி அடைபட்ட ராசாத்திக்கு இப்போது கழுத்துதான் வழி. காயம் என்று நினைத்து யாராவது நல்லெண்ணத்தோடு துணி சுற்றிவிட்டால் நிமிடங்களில் உயிர் போய்விடும். இரவுக் காவலர், தேங்காய் பறிக்க வருபவர், விடுமுறைக்கு வரும் உறவினர் என எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். லாயத்துக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள்: ‘இந்தக் குதிரை கழுத்தில் உள்ள துளையால் மூச்சு விடுகிறது. மூடாதீர்கள். எந்த மருந்தும் போடாதீர்கள்.’

இனி, சுத்தம் செய்யும் முறை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். துடைப்பதற்குச் சுத்தமான காஸ் துணி வேண்டும். பஞ்சு வேண்டவே வேண்டாம். அதன் இழை பிரிந்து உள்ளே போகும். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, குதிரைக்கு நேர் எதிரே நிற்காமல் இடது தோளையொட்டி நில்லுங்கள். துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். முதலில் துளைக்குக் கீழே கழுத்தில் வழிந்து காய்ந்திருக்கும் சளியை ஊறவைத்துத் துடையுங்கள். பிறகு வேறொரு துணியை விரலில் சுற்றி, ஓரத்தை மட்டும் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து எடுங்கள். காய்ந்த பொருக்கு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரத்துணியை அதன்மேல் ஓரமாக வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் தானாக இளகி வரும். அப்போதும் துளை முழுவதையும் மறைத்துவிடக் கூடாது. விரலை ஆழமாக உள்ளே விடவும் வேண்டாம்.

நடுவில் அவள் இருமுவாள். சளி வேகமாகத் தெறிக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பயப்படாதீர்கள். குழலில் சேர்ந்ததை வெளியேற்ற அவளுக்கு இருக்கும் வழி அதுதான். துடைத்து முடித்ததும், துளைக்குக் கீழே சளி வழியும் பாதையில் தோலின்மேல் வாஸ்லினை மெல்லியதாகத் தடவுங்கள். இல்லையென்றால் ஓயாத ஈரத்தில் தோல் வெந்து முடி உதிர்ந்துவிடும். வாஸ்லின் துளையின் ஓரத்துக்கு ஏறக் கூடாது. சுற்றியுள்ள முடியை மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுங்கள். வெட்டும்போது முடி உள்ளே விழாதபடி ஒருவர் ஈரத்துணியைத் துளைக்கு மேலே சற்று விலக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.

முதல் சில வாரங்களுக்குக் காலை, மாலை இருவேளையும் செய்யுங்கள். திறந்த இடம் நன்றாகப் பழகி, சளி குறைந்த பிறகு நாளுக்கு ஒருமுறை போதும். சில குதிரைகளுக்கு அதைவிட இடைவெளி விட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டீர்கள். அவள் இருக்கும்வரை, அம்மா. ஆனால் துடைக்காத நாளிலும் பார்க்காமல் இருக்கக் கூடாது. தீவனம் வைக்கும்போது கழுத்தையும் ஒரு பார்வை பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும். கை நடுக்கம் தானே போய்விடும். துடைத்ததும் அவளுக்கு மூச்சு இலகுவாவதை நீங்களே கேட்பீர்கள். அதற்குப் பிறகு இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க உங்களுக்கு மனம் வராது.

கேள்வி (அதே வாசகி): லாயத்தில் என்ன மாற்ற வேண்டும்? நெல் உமிதான் பரப்பியிருக்கிறோம். பக்கத்தில் நார் மில் இருக்கிறது. தீவனம் எப்படிக் கொடுப்பது?

பதில்: உமியை இன்றே வாரி வெளியே கொட்டுங்கள். மூக்கு காற்றை வடிகட்டும், ஈரமாக்கும், வெதுவெதுப்பாக்கும். ராசாத்தி உள்ளே இழுக்கும் காற்று இந்த மூன்றும் இல்லாமல் நேராகக் குழலுக்குள் இறங்குகிறது. உமி லேசானது, கூர்மையானது. படுத்து எழுந்தாலே பறக்கும். தென்னை நார்க்கழிவும் மெல்லிய மரத்தூளும் அதேபோல்தான். தூசி தட்டிய நீளமான வைக்கோல் பரவாயில்லை. என்னைக் கேட்டால் ரப்பர் விரிப்பு போட்டு அதன்மேல் குறைவாக எதையாவது பரப்புவது இன்னும் நல்லது. பெருக்கும்போதும் படுக்கை மாற்றும்போதும் அவள் வெளியே இருக்க வேண்டும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள்.

நார் மில்தான் எனக்குக் கவலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் உங்கள் பக்கத்தில் தூசி எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். லாயத்தின் திறந்த பக்கம் மில்லைப் பார்த்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, காற்று கடுமையாக இருக்கும் நாளில் அதை நனைத்துவிடுங்கள். மற்றப் பக்கங்களை அடைக்காதீர்கள். அடைந்த லாயத்தில் தேங்கும் மூத்திர நெடி தூசியைவிடக் கெடுதல். தோப்பில் மட்டையும் சருகும் கொளுத்துவதை நிறுத்துங்கள், அல்லது அவளை வெகுதூரம் நடத்திச் சென்ற பிறகு கொளுத்துங்கள். போகியன்றும் தீபாவளியன்றும் வீட்டுக்காரர்கள் யாராவது அவள் பக்கத்தில் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

தீவனத்தில் பெரிய கட்டுப்பாடு இல்லை. உணவு போகும் குழாய் வேறு. துளை வழியாகத் தீவனம் வருமோ என்று பயப்பட வேண்டாம். உலர்புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் கொடுங்கள். குதிரைமசால் பச்சையாகக் கிடைத்தால் அதைப் போல நல்லது வேறில்லை. கொள்ளு எப்படியும் ஊறவைத்துத்தான் கொடுப்பீர்கள். தவிட்டையும் பிசைந்தே வையுங்கள், உலர்ந்த தவிடு வேண்டாம். எல்லாவற்றையும் தரையிலோ தரையை ஒட்டிய தொட்டியிலோ வையுங்கள். தலை தாழ்ந்திருக்கும்போதுதான் குழலில் இருக்கும் சளி வடிந்து வெளியே வரும். புல்லை வலையில் கட்டி உயரத்தில் தொங்கவிடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவுக்கு மீறிக் கொழுக்கவிடவும் கூடாது. கழுத்துத் தோல் தடித்து மடிந்தால் அந்த மடிப்பே துளைமேல் வந்து விழும்.

ஒரு எச்சரிக்கை. அவள் முன்போல மணம் பிடிக்க மாட்டாள். மூக்கில் காற்று ஓடினால்தானே வாசனை தெரியும்? புதுத் தீவனத்தை நம்பாமல் நின்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்; பழைய தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். பூசணம் பிடித்த புல்லை அவளாக ஒதுக்குவாள் என்று விட்டுவிடவும் முடியாது. நீங்கள்தான் முகர்ந்து பார்த்து வைக்க வேண்டும்.

கேள்வி (அதே வாசகி): தோப்பை ஒட்டிப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் விடும் மாதங்களில் அவளை அதில் இறக்கிக் குளிப்பாட்டுவது வழக்கம்.

பதில்: அந்த வழக்கம் முடிந்துவிட்டது. நெஞ்சளவுத் தண்ணீரில் கால் இடறினாலும் போதும், மூச்சோடு தண்ணீர் நுரையீரலில் நிறைந்துவிடும். அவளால் மூச்சை அடக்கித் தடுக்க முடியாது. தடுக்கும் வால்வு குரல்வளையில் இருக்கிறது, துளை அதற்குக் கீழே இருக்கிறது. வாய்க்கால், கிணற்று மேடு, பண்ணைக்குட்டை எல்லாவற்றுக்கும் அவள் போகாதபடி வேலி இருக்க வேண்டும். மேய்ச்சலுக்கு விடும் இடத்தின் வேலியை இந்த வாரமே நடந்து பாருங்கள்.

குளிப்பாட்டலாம். உடம்பு, கால், வயிறு ஆகியவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் மெதுவாக ஊற்றலாம். கழுத்துக்கும் தலைக்கும் ஈரத்துணி மட்டும். குடிக்கும் தண்ணீரில்தான் பலர் கவனம் தப்புகிறார்கள். பழைய கல்தொட்டி ஆழமாக இருந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் குதிரை கழுத்தை உள்ளே விட்டு எட்டும். தொட்டியின் விளிம்பு துளைமேல் அழுந்தும். அகலமான, ஆழமில்லாத தொட்டி வைத்து எப்போதும் நிரம்ப வைத்திருங்கள். மழை பற்றியும் எழுதியிருந்தீர்கள். துளை கழுத்தின் கீழ்ப்புறத்தில், தரையைப் பார்த்தபடி இருப்பதால் சாதாரண மழை உள்ளே போகாது. சாரல் மழையில் மட்டும் உள்ளே கட்டுங்கள்.

கட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. கழுத்தைச் சுற்றிக் கயிறு போடக் கூடாது, மணியும் மாலையும் கூடாது. தலைக்கயிறு மட்டும் போதும், அதன் தொண்டைவார் துளையிலிருந்து விலகி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகர்): ஈ மொய்க்காமல் எப்படிக் காப்பது? எங்கள் மாடுகளுக்குப் புண்ணில் புழு வைத்தால் டர்பன்டைன் எண்ணெய் விடுவோம்; உடனே புழு வெளியே வரும். அதை இங்கே செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. டர்பன்டைன், பினாயில், வேப்பெண்ணெய், கற்பூர எண்ணெய், ஈ விரட்டும் ஸ்ப்ரே என எதுவும் அந்தத் துளையிலோ அதன் ஓரத்திலோ படக் கூடாது. எண்ணெய் ஒரு துளி நுரையீரலில் இறங்கினாலும் அது வெளியேறாது. அங்கேயே அழற்சியை உண்டாக்கும். மாட்டின் தொடையில் இருக்கும் புண்ணும் இதுவும் ஒன்றல்ல.

ஈக்கு மருந்தைவிடத் துப்புரவுதான் பெரிய காவல். சாணத்தை நாளுக்கு இருமுறை அள்ளி லாயத்திலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். காய்ந்த சளிதான் ஈயை இழுக்கும். அதைத் துடைத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். ஈ மிகுந்த மாதங்களில், தலைக்கயிற்றிலிருந்து கழுத்துக்கு முன்னால் தளர்வாகத் தொங்கும்படி கொசுவலைத் துணியைத் தைத்துக் கட்டலாம். அது துளையைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். ஈரமாகி ஒட்டிக்கொண்டால் கழற்றிவிட வேண்டும். தினமும் துவைக்க வேண்டும். லாயத்தில் மின்விசிறி ஒன்றைத் தூசி எழாத உயரத்தில் வைத்தால் ஈ தங்காது. புழு கண்ணில் பட்டால் நீங்களாக எதுவும் செய்யாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிய வேலை அது.

கேள்வி (நாமக்கல், கால்நடை மருத்துவ மாணவர்): அம்மா, அவசரத்துக்குக் கழுத்தில் உலோகக் குழாய் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதையே நிரந்தரமாக வைத்துவிடலாமே? வளையத்தை எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. குழாயோடு வாழ்ந்த குதிரைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் வேட்டைக் குதிரைகளுக்கும் பந்தயக் குதிரைகளுக்கும் அப்படிக் குழாய் போட்டு ஓட்டிய காலம் உண்டு. ஆனால் குழாய் என்பது அந்நியப் பொருள். நாள்தோறும் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும், சளியில் அடைபடும், உராய்ந்த இடத்தில் சதை வளரும், நழுவியும் விழும். குரல்வளை வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடும் என்றால் குழாய்தான் சரி. வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடலாம், துளை தானே மூடிக்கொள்ளும். மேல்வழி இனித் திறக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் சவ்வைத் தோலோடு தைத்து நிரந்தரமாகத் திறப்பதே குதிரைக்கும் வளர்ப்பவருக்கும் நிம்மதி.

பெரும்பாலும் மயக்கம் கொடுத்துப் படுக்கவைக்காமல், அமைதிப்படுத்தும் ஊசி போட்டு, இடத்தை மரத்துப்போகச் செய்து, நிற்கவைத்தே செய்கிறோம். மூச்சு முட்டும் குதிரையைப் படுக்கவைத்து எழுப்புவதில் உள்ள ஆபத்து இதில் இல்லை. தலையை ஒட்டிய கழுத்தின் மேல்பகுதியில் குழல் தோலுக்கு அருகில் ஓடுகிறது; அதனால் அங்கேதான் இடம் பார்ப்போம். மேலே போர்த்தியிருக்கும் பட்டைத் தசையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் சவ்வும் தோலும் இழுபடாமல் ஒன்றையொன்று தொடும். தையல் இழுபட்டால் பிரியும், பிரிந்தால் தழும்பு சுருங்கி வாய் குறுகும். இந்த அறுவை தோற்கும் இடம் அதுதான். வளையத்தின் முன்பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் குழல் தட்டையாகிவிடும். சவ்வில் கத்தி படாமல் வளையத்தை மட்டும் உரித்தெடுப்பதற்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை. ஆறும்போது திறப்பு சுருங்கத்தான் செய்யும். அதற்கு இடம் கொடுத்துத் தேவைக்கு மேல் பெரிதாகவே திறந்து வையுங்கள்.

இன்னொன்று. பின்னாளில் வேறு காரணத்துக்காக அந்தக் குதிரைக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் சுவாசக் குழாயைத் துளை வழியாகவே செலுத்த வேண்டும். குதிரையின் மருத்துவக் குறிப்பில் முதல் வரியாக அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (உதகமண்டலம் வாசகர்): சுற்றுலாப் பயணிகளுக்குக் குதிரை ஓட்டிப் பிழைக்கிறோம். இப்படி அறுவை செய்த குதிரையை மீண்டும் சவாரிக்கு விடலாமா?

பதில்: விடலாமா என்றால், உடல் அளவில் பல குதிரைகளால் முடியும். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1995 முதல் 2005 வரை இந்த அறுவை செய்த 82 குதிரைகளின் பின்கதையை ஆராய்ந்திருக்கிறார்கள். மிகப் பெரும்பாலானவை நலமாக வீடு திரும்பின. அந்த வட்டாரத்தில் தொண்டையின் மேல்பகுதி தழும்பாகிச் சுருங்கும் நோய் குதிரைகளுக்கு அதிகம் என்பதால் அவர்களுக்கு இதில் நீண்ட பழக்கம். துளையோடு நிதானமாகச் சவாரி செல்லும் குதிரைகள் உலகில் நிறையவே இருக்கின்றன.

உங்கள் தொழிலுக்கு விடலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். உதகையின் குளிர்காலக் காற்றை மூக்கின் வெதுவெதுப்பு இல்லாமல் நேராகக் குழலுக்குள் இழுக்க வேண்டும். சாலையோரப் புகை வேறு. ஏறுபவர் ஒவ்வொருவரும் புதியவர்; கடிவாளத்தை எப்படி இழுப்பார் என்று தெரியாது. தலையை நெஞ்சுப்பக்கம் மடக்கி இழுத்தால் கழுத்துத் தோல் மடிந்து துளையை அடைக்கும். குழந்தை ஆசையாகக் கழுத்தைக் கட்டிப் பிடித்தாலும் ஆபத்துதான். ஓடும் குதிரை காற்றை எவ்வளவு கேட்கும் தெரியுமா? முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரை நிமிடத்துக்கு 1,500 லிட்டருக்கும் மேல் இழுக்கிறது. பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. இடையில் நின்று இளைப்பாறச் சொல்ல அதற்கு வாயில்லை. குதிரையை அறிந்த ஒருவர் மட்டும் ஏறி, தளர்ந்த கடிவாளத்தோடு, தூசியில்லாத தடத்தில் நடத்திச் செல்வதானால் தாராளமாகச் செய்யலாம். நாள் முழுவதும் ஆள் மாற்றி ஆள் ஏற்றுவதற்கு அந்தக் குதிரையை அனுப்பாதீர்கள். போட்டிகளில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் அந்தந்தப் போட்டியின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் அனுமதி இல்லை.

கேள்வி (அந்தியூர் வாசகர்): எங்கள் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு இப்படி ஒரு குதிரை விலைக்கு வந்தால் வாங்கலாமா?

பதில்: விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். வீட்டில் தினமும் பத்து நிமிடம் ஒதுக்க ஒருவர் இருந்தால், அவர் ஊரில் இல்லாதபோது செய்ய இன்னொருவரும் இருந்தால், அறுவை செய்த மருத்துவரின் குறிப்பு கையில் கிடைத்தால், வாங்குங்கள். சந்தைக்கு அழைத்து வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வண்டியில் தலையைத் தூக்கிக் கட்டி வெகுதூரம் ஓட்டாதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். இல்லாவிட்டால் சளி வடியாமல் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

கேள்வி (சென்னை வாசகர்): கழுத்தில் துளையோடு ஒரு ஜீவனை வாழ வைப்பது நம் ஆசைக்காகத்தானே? நிம்மதியாகத் தூங்க வைத்துவிடுவது கருணை இல்லையா?

பதில்: உங்கள் கேள்வியில் இரக்கம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் பார்ப்பது துளையை; நான் பார்ப்பது அறுவைக்கு முந்தைய நாளையும் பிந்தைய நாளையும். மூச்சுக்கு அலையும் குதிரை தீவனத்தின்முன் நின்றும் தின்னாது. மெல்லுவதற்கும் மூச்சுக்கும் ஒரே நேரத்தில் அதனால் ஈடுகொடுக்க முடியாது. கண் விரிந்திருக்கும், வியர்த்திருக்கும், படுக்கப் பயப்படும். துளை திறந்த அன்றே அந்தக் குதிரை தலையைத் தாழ்த்திப் புல்லைத் தேடும். நிற்க முடியாத வலியோ நுரையீரலே கெட்டுப்போன நிலையோ இருந்தால் தூங்க வைக்கச் சொல்லும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்; சொல்லியும் இருக்கிறேன். பார்ப்பவர் கண்ணுக்குக் கோரமாக இருக்கிறது என்பது அதற்குக் காரணம் ஆகாது. குதிரைக்குத் தன் கழுத்தைப் பற்றிய வெட்கம் கிடையாது. பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் இந்த அறுவையைச் செய்யக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகியின் மகள், நான்காம் வகுப்பு): டாக்டர் பாட்டி, ராசாத்தி இனிமேல் கனைக்க மாட்டாளா? நான் ஸ்கூல் விட்டு வரும்போது எப்போதும் கூப்பிடுவாள்.

பதில்: கண்ணு, குரல் வர வேண்டுமானால் காற்று குரல்வளை வழியாகப் போக வேண்டும். ராசாத்தியின் காற்று இப்போது அதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. அதனால் பழைய கனைப்பு வராது. ஒரு ‘புஸ்’ சத்தம் வரலாம். ஆனால் அவள் உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருக்க மாட்டாள். காதை உன் பக்கம் நிமிர்த்துவாள், முன்காலால் தரையைத் தட்டுவாள், கதவருகே வந்து நிற்பாள். நீ வரும்போது தூரத்திலிருந்தே அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வா. கட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் கழுத்தை விட்டுவிட்டுத் தோளைக் கட்டிக்கொள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகி): கடைசியாக ஒன்று. எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும், எப்போது காத்திருக்கலாம்?

பதில்: நலமாக இருக்கும் நாட்களில் அவளுடைய கணக்கை எழுதி வைத்துக்கொண்டால்தான் கெட்ட நாள் தெரியும். ஓய்வாக நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 8 முதல் 16 வரை இருக்கும். காலை நேர உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ்வரை இருக்கலாம். மாதம் ஒருமுறை துளைக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். வாய் மெல்ல மெல்லக் குறுகினால் தினமும் பார்க்கும் கண்ணுக்குப் பிடிபடாது; படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெள்ளையாகவோ நிறமில்லாமலோ வரும் சளியும், தூசியில் உருண்ட பிறகு இரண்டொரு இருமலும் இயல்புதான். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நாற்றம் அடித்தால், தீவனம் குறைந்தால், வெப்பம் 38.5-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். ஓரத்தில் சிவந்த சதை முளைத்தாலும் அப்படியே. அதை வெட்டுவதோ சுடுவதோ உங்கள் வேலை இல்லை.

காத்திருக்கவே கூடாத நேரம் ஒன்று உண்டு. துளையிலிருந்து விசில் போன்ற சத்தம் வந்தால், மூக்குத் துவாரம் மறுபடி விரிய ஆரம்பித்தால், மூச்சுக்காக வயிறு எக்கினால், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால், அது இரவு இரண்டு மணியானாலும் கூப்பிடுங்கள். மருத்துவர் வரும்வரை அவளை நடத்தாதீர்கள், கூட்டம் கூட விடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்; கைக்கு எட்டும் இடத்தில் சளிக்கட்டி தெரிந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தோல் மடிப்பு மேலே விழுந்திருந்தால் இரண்டு கட்டைவிரலாலும் இரு பக்கமும் விலக்கிப் பிடித்துக்கொண்டே இருங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மருத்துவரின் எண்ணையும், அவர் வராவிட்டால் கூப்பிட வேண்டிய இன்னொருவரின் எண்ணையும் லாயத்துக் கதவில் அந்தப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு பேரையும் ஒருமுறை பகலில் வரவழைத்து ராசாத்தியைக் காட்டிவிடுங்கள். அவசரத்தில் வரும் மருத்துவர் அந்தத் துளையை முதன்முதலாகப் பார்ப்பவராக இருக்கக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.